சிங்கப்பூருக்குப் பிள்ளையை அனுப்பும் முன்…



உங்கள் தோட்டத்தில் லயத்துக்கு ஒரு பிள்ளையாவது இன்று சிங்கப்பூரில் வேலை செய்கிறதா, இல்லையா? குளுவாங் பக்கத்தில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் தோட்டத்தில் அப்படித்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை வேலைக்கும் வெளிநாட்டார் வந்தார்கள். நம் பிள்ளைகள் பஸ் ஏறித் தெற்கே போகிறார்கள். போகட்டும், உழைத்து முன்னுக்கு வரட்டும். ஆனால் எப்படிப் போகிறார்கள் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டு வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தேன். என் பழைய மாணவன் ஒருவனின் தாய் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். “சார், தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைச்சிருக்காம். ஏஜெண்டு இந்த லெட்டரைக் கொடுத்தாரு. நீங்க கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க” என்றார். காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையனின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. சம்பளம் எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. “நல்லதுதானம்மா, அனுப்பி வையுங்கள்” என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா கூட்டுப் பணம் எடுத்தார். காதில் கிடந்ததை அடகுக் கடையில் வைத்தார். ஏஜெண்டின் கையில் 2,500 வெள்ளி போனது. பையன் உட்லண்ட்ஸில் இறங்கி ஏஜெண்டுக்குப் போன் போட்டால் மணி அடிக்கவே இல்லை. கம்பெனி என்று எழுதியிருந்த விலாசத்தில் அப்படி ஒரு கம்பெனியே இல்லை. இரண்டு ராத்திரி ஜொகூர் பாருவில் ஒரு தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தான்.

அந்தக் காகிதத்தை மறுபடி வாங்கி முழுவதும் படித்தேன். ‘விண்ணப்பம் பெறப்பட்டது’ என்றுதான் எழுதியிருந்தது. ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எங்கேயும் இல்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்து படித்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். பிள்ளைகளுக்கு ‘கேள்வியை முழுவதும் படித்துவிட்டு விடை எழுது’ என்று சொல்லும் வாத்தியார், தாமே படிக்கவில்லை!

அந்தப் பையன் பிறகு முறைப்படி வேலை கிடைத்துப் போனான். இப்போது சுவா சூ காங்கில் வாடகை அறையில் இருக்கிறான். போன பள்ளி விடுமுறையில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். அவன் பட்டுத் தெரிந்துகொண்டதையும், நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது ஒரு நாள் உதவும்.

காகிதம் மூன்று

சிங்கப்பூருக்குப் போய் வேலை செய்ய மூன்று காகிதங்கள் முக்கியம்.

முதலாவது, கடப்பிதழ். அதாவது பாஸ்போர்ட். அது காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். இதை யாரிடமும் கொடுத்து வைக்கக் கூடாது. முதலாளி கேட்டாலும் கூடாது. வேலை அனுமதி எடுக்க ஒரு நாள் வாங்கினால் மறுநாள் திரும்பக் கேட்டு வாங்கிவிட வேண்டும். அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது அந்த நாட்டில் குற்றம்.

இரண்டாவது, வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம். ‘ஐ.பி.ஏ.’ என்று மூன்று எழுத்தில் சொல்வார்கள். அந்நாட்டு மனிதவள அமைச்சு கொடுப்பது. விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி அல்லது அவர் அமர்த்திய உரிமம் பெற்ற முகவர். பையன் தானே விண்ணப்பிக்க முடியாது. இந்தக் கடிதத்தில் கம்பெனியின் பெயர், வேலை, அடிப்படைச் சம்பளம், பிடித்தம் எல்லாம் இருக்கும். வாயால் சொன்ன சம்பளம் ஒன்று, கடிதத்தில் இருக்கும் சம்பளம் வேறொன்று என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடிதம் உண்மையானதா என்று அமைச்சின் இணையப் பக்கத்திலேயே பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாவிட்டால் உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் போனைக் கொடுங்கள், அது பார்த்துச் சொல்லும்.

மூன்றாவது, வேலைக்குச் சேர்ந்த 14 நாட்களுக்குள் முதலாளி எழுதிக் கொடுக்க வேண்டிய வேலை விவரத் தாள். வேலை நேரம், ஓய்வு நாள், சம்பளத் தேதி, விடுப்பு எல்லாம் அதில் இருக்கும்.

“முதலில் வந்து சேரட்டும், வேலையைத் தொடங்கட்டும், பெர்மிட் பிறகு வரும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் நாட்டார் வருகையாளராக உள்ளே போய்ச் சில நாள் தங்கலாம். ஆனால் அந்த அனுமதியில் ஒரு மணி நேரம் வேலை செய்தாலும் குற்றம். 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அதற்குப் பிறகு அந்த நாட்டில் வேலை செய்யும் வாய்ப்பும் மூடிப்போகும்.

முகவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? இதற்கும் சட்டம் இருக்கிறது. ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை வருட ஒப்பந்தமானாலும் மொத்தம் இரண்டு மாதச் சம்பளம். அதற்கு மேல் அங்குள்ள முகவர் கேட்கக் கூடாது. பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். ரசீது தர மாட்டேன் என்பவருக்குப் பணம் தர மாட்டேன் என்று சொல்லுங்கள். வேலை கொடுப்பதற்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவதும், அரசாங்கத்துக்குத் தாம் கட்ட வேண்டிய தொழிலாளர் தீர்வையைச் சம்பளத்தில் பிடிப்பதும் குற்றம்தான்.

பாலம் கடக்கும்போது

1924-இல் திறந்த ஜொகூர் கடற்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுத்தான் அதிகம். ஆனால் காலையில் அதைக் கடப்பதற்குள் ஒரு நாள் வேலை செய்த களைப்பு வந்துவிடும். தினமும் விடியுமுன்னே ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். முதன்முறை போகிறவர்கள் பகல் பொழுதில் போங்கள்.

தாத்தா சொன்ன வழி இப்போது இல்லை. ராத்திரி ரயில் ஏறி விடியக்காலை தஞ்சோங் பகார் நிலையத்தில் இறங்கிய கதையை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு அந்த நிலையத்துக்கு ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். இப்போது சுவா சூ காங்குக்குச் சுலபமான வழி இது: ஜொகூர் பாரு லார்க்கின் பஸ் நிலையத்தில் 170-ஆம் எண் பஸ். அது பாலம் கடந்து கிராஞ்சி வழியாகப் போகும். கிராஞ்சி நிலையத்தில் இறங்கிப் பெருவிரைவு ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் சுவா சூ காங்.

ஒன்றை மறக்காதீர்கள். இரண்டு பக்கச் சாவடியிலும் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும். இறங்கும்போது பையை பஸ்ஸில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. நீங்கள் சோதனை முடிந்து வரும்வரை அந்த பஸ் காத்திருக்காது. அடுத்து வரும் அதே எண் பஸ்ஸில்தான் ஏற வேண்டியிருக்கும். பயணச் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வருகையாளராகப் போகிறவர்கள் போகும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் ‘எஸ்ஜி வருகை அட்டை’யை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குக் காசு கேட்கும் இணையப் பக்கம் போலியானது.

பையில் என்ன வைக்கக் கூடாது? சிகரெட்டுக்கு வரியில்லாச் சலுகை ஒரு பெட்டிக்குக்கூடக் கிடையாது. நம் நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு மதுவுக்கும் சலுகை இல்லை. இருந்தால் தாமே முன்வந்து சொல்லி வரி கட்ட வேண்டும். சூயிங் கம் 1992-இலிருந்து தடை. இளைஞர்களே, இதை நன்றாகக் கேளுங்கள்: வேப் என்னும் மின்சிகரெட் அங்கே 2018-இலிருந்து சட்டவிரோதம். பிடித்தால் மட்டுமல்ல, பையில் வைத்திருந்தாலே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து தண்டனையை இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள். வேலை அனுமதியே பறிபோகலாம். போதைப்பொருளுக்குத் தூக்குவரை தண்டனை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே, “இந்தப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கொடுத்துவிடு தம்பி” என்று யார் கேட்டாலும், சொந்தக்காரரே கேட்டாலும், முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

சுவா சூ காங் என்றால் என்ன?

பெயரைக் கேட்டால் நமக்கு நாக்குச் சுழலும். ஆனால் அந்தப் பெயருக்குள்ளும் ஒரு தோட்டக் கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனர்கள் அங்கே ஆற்றோரக் காடுகளை வெட்டி மிளகும் கம்பீரும் பயிரிட்டார்கள். ஆற்றுக்கு ‘காங்’ என்று பெயர். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு தலைவர் இருந்தார். சுவா குலத்தவரின் ஆற்றங்கரைக் குடியிருப்பு என்பதால் அந்தப் பெயர் வந்தது. நம் ஜொகூரிலும் அதே முறையில்தான் அந்தக் காலத்தில் காடு திருத்தினார்கள். ஆக, பிள்ளை போய்ச் சேர்ந்த ஊரும் ஒரு காலத்துத் தோட்டக்காடுதான்.

இன்று அங்கே தோட்டம் என்று சொல்ல மிச்சம் கொஞ்சம்தான். 1990-இல் ரயில் நிலையம் திறந்தார்கள். 1999-இல் புக்கிட் பாஞ்சாங்குக்கு இலகு ரயில் ஓடத் தொடங்கியது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். ரயிலை விட்டு இறங்கினால் லாட் ஒன் கடைத்தொகுதி. எதிரே பஸ் நிலையம்.

அந்த வட்டாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சிங்கப்பூரில் இன்றும் புதிதாக அடக்கம் செய்ய இடம் தரும் ஒரே மயானம் சுவா சூ காங் மயானம். அங்கேகூட அடக்கம் செய்தவர்களுக்கு 15 வருடம்தான் தவணை. 1998-இல் வந்த விதி அது. இதை ஏன் சொல்கிறேன்? இறந்தவருக்கே தவணை வைக்கும் அளவுக்கு அந்த நாட்டில் மண் அருமை. உயிரோடு இருப்பவர் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையும், அந்த அறைக்குள்ள விதிகளும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது இதிலிருந்தே புரியும்.

அறை எடுப்பது

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் அறை எடுக்கும்போது நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, வீட்டுக்காரர் கழகத்திடம் அனுமதி வாங்கி உங்கள் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். “சும்மா வந்து தங்கு, பதிவெல்லாம் வேண்டாம்” என்றால் வாடகை குறைவாக இருந்தாலும் போகாதீர்கள். இரண்டு, ஆறு மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடக் கூடாது என்பது விதி. வாரக் கணக்கில் விடுகிறேன் என்பது முறையல்ல. மூன்று, ஒரு வீட்டில் இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. ஓர் அறையில் எட்டுப் பேர் பாய் விரித்துப் படுக்கும் இடம் சட்டப்படியான இடமாக இருக்காது. நான்கு, சாவி வாங்குமுன் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அறையைக் கண்ணால் பாருங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள், பிறகு பணம் கொடுங்கள்.

சமைக்கலாமா, துணி துவைக்கலாமா, ராத்திரி வேலை முடிந்து வந்தால் கதவு திறப்பார்களா என்பதையும் முன்பே கேளுங்கள். நம் மாணவன் முதலில் எடுத்த அறையில் சமைக்க விடவில்லை. மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டு முதல் மாதச் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிட்டதாகச் சொல்லிச் சிரித்தான். இப்போது இருக்கும் வீட்டில் ஒரு மலாய்க்காரப் பாட்டி அடுப்பைக் கொடுத்திருக்கிறார். அவரோடு மலாயில் பேசுகிறான். பாட்டிக்கு இவன் சமைக்கும் பருப்புக் கறி பிடித்துப் போய்விட்டதாம்!

மொழி

ஸ்பெயினுக்கோ மெக்சிக்கோவுக்கோ போகிறவன் நாலு மாதம் முன்னதாகவே ஒரு புத்தகம் வாங்கி ஸ்பானிய மொழியில் ‘வணக்கம், நன்றி, இது என்ன விலை’ என்று படித்துக்கொண்டு போகிறான். தெரியாத மொழி என்று அவனுக்குத் தெரியும். சிங்கப்பூருக்குப் போகிறவனுக்கோ அந்தப் பயமில்லை. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. வானொலியில் தமிழ், தொலைக்காட்சியில் தமிழ், 1935-இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் வருகிறது. நம் மலாயும் அங்கே தேசிய மொழி. பிறகு என்ன கவலை என்று போய்விடுகிறான்.

அங்கேதான் இடறுகிறது. கடையில் தமிழ் உதவும். பாட்டியிடம் மலாய் உதவும். ஆனால் ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை, மருத்துவரின் சீட்டு எல்லாம் ஆங்கிலம். போவதற்கு முன் ஐம்பது ஆங்கிலச் சொல்லையாவது படித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், பிடித்தம், ஓய்வு நாள், மருத்துவ விடுப்பு, அபாயம், மின்சாரம், காயம். இந்தச் சொற்களை ஆங்கிலத்தில் பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாமல், “ஒரு நாள் அவகாசம் கொடுங்கள்” என்று கேட்க ஆங்கிலத்தில் தெரிய வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை நான் இப்போது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறேன்.

சம்பளமும் உரிமையும்

சிங்கப்பூர் ஒரு வெள்ளி நம் மூன்று வெள்ளிக்கு மேல் போகிறது. 1973 வரை இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சமம் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா? ஆனால் மூன்றால் பெருக்கிப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். சம்பாதிப்பதும் அந்த வெள்ளியில், சாப்பிடுவதும் அந்த வெள்ளியில். அறை, சாப்பாடு, ரயில், போன் எல்லாம் கழித்து மிச்சத்தைத்தான் மூன்றால் பெருக்க வேண்டும்.

அங்கே மாதச் சம்பளத்தை மாதம் முடிந்த 7 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். சம்பளச் சீட்டு கட்டாயம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. உடலுழைப்புத் தொழிலாளி மாதம் 4,500 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் வாங்குகிறவரானால், வாரம் 44 மணிக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 8 வெள்ளி என்றால் ஓவர்டைமுக்கு 12 வெள்ளி. மாதத்தில் 10 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் 120 வெள்ளி. சீட்டில் 80 என்று இருந்தால் 40 வெள்ளி எங்கே என்று கேட்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். எத்தனை மணிக்கு வேலை ஏறினோம், எத்தனை மணிக்கு இறங்கினோம் என்று அன்றன்றைக்கு எழுதி வைக்க வேண்டும். அந்த நாளில் நம் தாத்தாமார்களுக்குப் பேர் போட்டது கிராணியின் புத்தகம். இப்போது நம் பேரை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

சம்பளம் வராவிட்டால் சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணி என்ற அமைப்பிடம் புகார் செய்யலாம். வேலையில் இருக்கும்போது என்றால் ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். “பார்க்கலாம், அடுத்த மாதம் தருவார்” என்று காத்திருந்து காலம் கடந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

வேலையிடத்தில் காயம் பட்டால் சின்னக் காயமானாலும் அன்றே மேலாளரிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் ‘வேலையில் பட்ட காயம்’ என்று சொல்லுங்கள். ‘வீட்டில் விழுந்துவிட்டேன் என்று சொல்’ என யார் சொல்லிக்கொடுத்தாலும் கேட்காதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். ஒரு வருடத்துக்குள் கோர வேண்டும். வேலை அனுமதியில் இருப்பவருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதியும் எடுத்திருக்க வேண்டும்.

இங்கே எந்த ஆபத்துக்கும் 999 என்று நமக்குப் பழக்கம். அங்கே 999 போலீஸ் மட்டும். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 995. பிள்ளையின் போனில் இதை நீங்களே பதிந்து கொடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். அங்குள்ள மத்திய சேம நிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதியில் இருக்கும் நம் பிள்ளைக்குக் கிடையாது. இங்கே தோட்டத்தில் சம்பளம் குறைவாக இருந்தாலும் ஊழியர் சேம நிதியில் மாதா மாதம் ஏதோ விழுந்துகொண்டிருந்தது. அங்கே பத்து வருடம் உழைத்தாலும் முதுமைக்கு என்று ஒரு காசு தானாகச் சேராது. ஆகவே நம் நாட்டுச் சேம நிதியில் தாமாக விரும்பிப் பணம் போடும் வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே அதை ஒதுக்க வேண்டும். ‘மிஞ்சினால் போடலாம்’ என்றால் மிஞ்சவே மிஞ்சாது.

ஞாயிற்றுக்கிழமை

ஓய்வு நாளில் நம் மாணவன் என்னைத் தேக்காவுக்குக் கூட்டிப்போனான். சுவா சூ காங்கிலிருந்து இலகு ரயிலில் புக்கிட் பாஞ்சாங், அங்கிருந்து டௌன்டவுன் பாதையில் லிட்டில் இந்தியா. ரயிலில் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது. தண்ணீர் குடித்தால்கூட அபராதம் போடலாம். டுரியான் பழம் ஏற்றவே கூடாது.

வழியில் பூமலை என்று நம்மவர்கள் சொல்லும் தாவரவியல் பூங்கா நிலையம் வந்தது. அவனை அங்கே இறக்கி ஒரு பாடம் சொன்னேன். பிரேசில் நாட்டிலிருந்து வந்த ரப்பர் வித்து லண்டனில் முளைத்து, 1877-இல் கன்றுகளாக இந்தப் பூங்காவுக்கு வந்தது. 1888-இல் இதன் இயக்குநராக வந்த ரிட்லி என்பவர்தான் மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கே வகுத்தார். உன் தாத்தாவும் பாட்டியும் விடியக்காலை விளக்குக் கட்டிக்கொண்டு சீவிய சீவு, இந்த இடத்தில் பிறந்தது என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்தான். அது ரப்பர் மரமல்ல, ஆனால் நான் சொல்லவில்லை.

தேக்காவில் கோயில், சாப்பாடு, காய்கறி, பணம் அனுப்பும் கடை எல்லாம் உண்டு. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. சனி, ஞாயிறு அங்கே பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. 2013 டிசம்பர் 8-ஆம் தேதி அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015-இல் வந்த சட்டம் அது. மற்ற இடங்களிலும் இரவு 10.30 மணிக்கு மேல் பொது இடத்தில் கூடாது. தீபாவளிக்கு அங்கே விடுமுறை உண்டு, தைப்பூசத்துக்கு 1968-இலிருந்து இல்லை. காவடி எடுக்கிறவர்கள் விடுப்பை முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் நல்லவரும் இருப்பார், வலை விரிப்பவரும் இருப்பார். “உன் வங்கிக் கணக்கை ஒரு வாரம் கொடு, உன் பேரில் ஒரு சிம் கார்டு வாங்கிக் கொடு, இருநூறு வெள்ளி தருகிறேன்” என்பார்கள். கொடுத்தால் ஏமாற்றுக்காரன் தப்பிப்பான், பிடிபடுவது நம் பிள்ளை. ஆ லோங்கிடம் கடன் வாங்குவதும் இதே கதைதான்.

பெற்றோருக்கு

பிள்ளை போன் போடும்போது “எப்போது பணம் அனுப்புவாய்?” என்ற கேள்வியை இரண்டாவதாகக் கேளுங்கள். “சாப்பிட்டாயா, கை கால் நன்றாக இருக்கிறதா, சம்பளம் சரியாகக் கொடுத்தார்களா?” என்று முதலில் கேளுங்கள். கடன்பட்டு அனுப்பிய பிள்ளை, கடனுக்குப் பயந்தே அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளும். முதல் முறை ஏமாந்து திரும்பியபோது நம் மாணவன் இரண்டு ராத்திரி ஜொகூர் பாருவில் படுத்துக் கிடந்தது, அம்மா முகத்தைப் பார்க்கப் பயந்துதான். இதை அவனே என்னிடம் சொன்னான்.

இரண்டாவது முறை வேலை வந்தபோதும் அந்த அம்மா என்னிடம்தான் வந்தார். என் மேல் கோபம் இல்லையா என்று எனக்கு வியப்பு. கடிதத்தை வாங்கிப் பள்ளிக்கூட மேசையில் விரித்தேன். அனுமதி என்ற சொல் இருந்தது. கம்பெனி இருந்தது. எண்ணைப் போட்டு இணையத்தில் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். எல்லாம் முடிந்ததும் அந்த அம்மா கேட்டார்:

“இந்தத் தடவை முழுசாப் படிச்சீங்களா சார்?”

“இரண்டு தடவை படித்தேன் அம்மா” என்றேன்.

வாசகர்களே, உங்கள் தோட்டத்திலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும், படித்த பிள்ளை ஒன்று இருக்கும். காகிதத்தை எடுத்துக்கொண்டு போங்கள். படிப்பவர் அவசரப்பட்டால், “உட்கார்ந்து படியுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்” என்று சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். வாத்தியாருக்கு பஸ் போனால் அடுத்த பஸ் வரும்.